ஹப்பிளிலிருந்து விண்வெளி நிலையத்துக்கு ஏன் போக முடியாது?

கேள்வி இதுதான்: "ஹாலிவுட் விண்வெளிப் படங்களில் அறிவியல் தவறு என்று எல்லோரும் 'கிராவிட்டி'யைச் சொல்கிறார்கள். ஹப்பிள் தொலைநோக்கியில் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஷட்டில் விண்கலம் நொறுங்கிப் போகிறது. முதுகில் மாட்டிய ஜெட் சாதனத்தை வைத்துக்கொண்டு சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போகிறார்கள். இரண்டுக்கும் உயரத்தில் நூற்றைம்பது கிலோமீட்டர்தான் வித்தியாசம். அங்கே காற்றும் இல்லை, உராய்வும் இல்லை. ஒரு தள்ளு தள்ளினால் போய்க்கொண்டே இருக்க வேண்டியதுதானே? இதில் என்ன தவறு?"

நல்ல கேள்வி. படத்தைப் பற்றிக் கேட்பது போலத் தெரிந்தாலும், மேலே இரண்டு இடங்களுக்கு நடுவே இருக்கும் தூரத்தை எதைக்கொண்டு அளப்பது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டிருப்பது. நான் பதினெட்டு வருடம் செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதைக் கணக்குப் பார்க்கும் வேலையில் இருந்தவன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் அளந்தால் எதுவுமே புரியாது. வேகத்தில்தான் அளக்க வேண்டும்.

நானூறு கிலோமீட்டர் உயரத்தில் ஒரு பொருள் விழாமல் சுற்ற வேண்டுமானால் வினாடிக்கு ஏறக்குறைய 7.66 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவேண்டும். நிமிடத்துக்கு 460 கிலோமீட்டர். ஹப்பிளும் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் ஓடுகிறது. ஆனால் இரண்டும் ஓடும் திசை வேறு. புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளுக்கு நான் மேஜைமேல் ஒரு சாத்துக்குடியை வைத்து இரண்டு ரப்பர் பேண்டு மாட்டிக் காட்டுவேன். ஒன்றைக் கொஞ்சமாகச் சாய்த்து மாட்டவேண்டும், அது ஹப்பிள். நிலநடுக்கோட்டுக்கு 28.5 டிகிரி சாய்வு, ஏனென்றால் கேப் கனாவெரல் இருப்பது அந்த அட்சரேகையில். இன்னொன்றை நன்றாகச் சாய்க்கவேண்டும், அது விண்வெளி நிலையம். அதன் சாய்வு 51.6 டிகிரி. ரஷ்யர்கள் பைக்கனூரிலிருந்து ஏவும்போது கழன்று விழும் ராக்கெட் பாகங்கள் சீன எல்லைக்குள் விழக்கூடாது என்பதற்காக அமைந்த சாய்வு அது. இரண்டு ரப்பர் பேண்டும் பழத்தில் எதிரெதிரே இரண்டே இடங்களில்தான் ஒன்றையொன்று கடக்கும். கடக்கும் இடத்தில் இரண்டு பொருளும் ஒரே நேரத்தில் வந்தால்கூட, ஒன்றிலிருந்து பார்க்கும்போது மற்றது வினாடிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் பறந்து போகும். துப்பாக்கிக் குண்டைப் போல மூன்று மடங்குக்கும் மேலான வேகம். அதன் கைப்பிடியைப் பிடித்து ஏறுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆக, ஹப்பிளிலிருந்து நிலையத்துக்குப் போவது என்றால் அந்த மூன்று கிலோமீட்டர் வேக வித்தியாசத்தை எரிபொருள் எரித்து இல்லாமல் ஆக்குவது. எங்கள் துறையில் இதை டெல்டா வீ என்போம். ஷட்டிலுக்கே, சுற்றுப்பாதைக்குப் போனபின் கையில் இருந்த டெல்டா வீ வினாடிக்கு சுமார் 300 மீட்டர். தேவையில் பத்தில் ஒரு பங்கு. படத்தில் வரும் முதுகுச் சாதனத்துக்கு நிஜத்தில் ஒரு முன்னோடி உண்டு. எம்எம்யு என்பது அதன் பெயர், நைட்ரஜன் வாயுவைப் பீய்ச்சி நகரும். 1984இல் மூன்றே பயணங்களில் பயன்படுத்தினார்கள். அந்த வருடம் பிப்ரவரியில் புரூஸ் மெக்கேண்ட்லெஸ் கயிறே இல்லாமல் ஷட்டிலைவிட்டு சுமார் நூறு மீட்டர் தூரம் போய்வந்தார். முழு வாயுவையும் செலவழித்தால் அது தரக்கூடியது வினாடிக்கு ஏறக்குறைய 25 மீட்டர். அந்த உயரத்தில் பாதையை ஒரு டிகிரி திருப்பவே 133 மீட்டர் வேண்டும். எனவே எம்எம்யுவின் மொத்த வாயுவும் பாதையை டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குகூடத் திருப்பாது. திருப்ப வேண்டியதோ, மிகக் குறைந்தபட்சமாக, 23 டிகிரி.

குறைந்தபட்சம் என்று சொல்லக் காரணம் உண்டு. பூமி நடுவில் கொஞ்சம் பருத்திருப்பதால் இந்தச் சுற்றுப்பாதைகள் நாளுக்குச் சில டிகிரி வீதம் தாமாகவே திரும்பிக்கொண்டிருக்கும். ஹப்பிளின் பாதையும் நிலையத்தின் பாதையும் ஒரே வேகத்தில் திரும்புவதில்லை. ஆகவே இரண்டுக்கும் இடையிலான கோணம் 23 டிகிரியாக இருக்கும் நாளும் உண்டு, 80 டிகிரியாக இருக்கும் நாளும் உண்டு. 80 டிகிரி நாளில் கணக்குப் போட்டால் விடை வினாடிக்கு 9.8 கிலோமீட்டர் வரும். தரையிலிருந்து புதிதாக ஒரு ராக்கெட் ஏவிச் சுற்றுப்பாதைக்குப் போகவே அவ்வளவு தேவைப்படாது. அன்றைக்குப் பூமிக்கு இறங்கிவந்து வேறு ராக்கெட்டில் ஏறுவதுதான் பக்கத்து வழி.

இந்தக் கோணத்தின் விலை எனக்கு ஏட்டுக் கணக்காகத் தெரிந்தது அல்ல. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பூமியோடு சேர்ந்து சுற்றும் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள்களைச் சூரியனும் நிலவும் வருடத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு டிகிரிவரை வடக்கு தெற்காகச் சாய்த்துக்கொண்டே இருக்கும். விட்டுவிட்டால் வீட்டு மொட்டைமாடி டிஷ் ஆண்டெனாவின் பார்வையிலிருந்து விலகிப்போகும். அந்த ஒரு டிகிரியைச் சரிக்கட்ட வருடத்துக்கு வினாடிக்கு 50 மீட்டர் அளவுக்கு எரிபொருள் போகும். செயற்கைக்கோளை நிலைநிறுத்தச் செலவாகும் எரிபொருளில் பெரும்பங்கு இதற்கே. நான் பார்த்துக்கொண்ட ஒரு செயற்கைக்கோளில் எரிபொருள் வற்றிவந்தபோது வடக்கு–தெற்குத் திருத்தத்தை நிறுத்திவிட முடிவெடுத்தோம். அது வானத்தில் தினமும் எட்டு வடிவில் ஆடத் தொடங்கியது. அந்த எட்டு வடிவம் மாதத்துக்கு மாதம் பெரிதாவதைத் திரையில் பார்த்துக்கொண்டே இருந்தோம். மிச்சமிருந்த சில கிலோ எரிபொருளை, ஆயுள் முடியும்போது அதை முந்நூறு கிலோமீட்டர் மேலே தள்ளி ஓரங்கட்டுவதற்காகப் பொத்திவைத்தோம். ஒரு டிகிரிக்காக அப்படிக் கணக்குப் பார்த்தவனுக்கு, ஒரு படத்தில் 23 டிகிரியைச் சில நிமிடங்களில் கடந்துவிடுவது மனத்தில் ஒட்டாது.

ஸ்ரீஹரிகோட்டாவிலும் இதே விலையைக் கொடுக்கிறோம். துருவப் பாதைக்குப் போகவேண்டிய பிஎஸ்எல்வி நேராகத் தெற்கே போனால் இலங்கைக்கு மேலே பறக்கும். அதனால் முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு தெற்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்துக்குக் கொடுப்பது சுமக்கக்கூடிய எடையில் ஒரு பகுதி. சிறிய ராக்கெட்டுகளுக்கு அந்த இழப்பு தாங்காது என்பதால்தான் தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம் கட்ட 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து நேராகத் தெற்கே போகலாம்.

படத்தில்தானே, போகட்டும் என்று விட்டுவிடாமல் நான் இதை இவ்வளவு நீட்டிப் பேசக் காரணம் கொலம்பியா ஷட்டில். 2003 ஜனவரி 16 அன்று ஏவும்போது எரிபொருள் தொட்டியிலிருந்து கழன்ற நுரைத்துண்டு இடது இறக்கையில் அடித்து ஓட்டை போட்டது. பிப்ரவரி 1 அன்று திரும்பும்போது அந்த ஓட்டை வழியாக வெப்பம் புகுந்து விண்கலம் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்தார்கள். அடுத்த சில வாரங்களில் என்னிடம் உறவினர், நண்பர் என்று எத்தனையோ பேர் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பக்கத்தில்தானே நிலையம் இருந்தது, அங்கே போய் ஏறிக்கொண்டிருக்கலாமே? கொலம்பியா சுற்றியது 39 டிகிரி சாய்வில். நிலையத்தின் பாதைக்குத் திரும்பக் குறைந்தபட்சம் வினாடிக்கு 1.7 கிலோமீட்டர் வேண்டும். அதனிடம் இருந்தது அதில் ஐந்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அந்தப் பயணத்தில் நிலையத்தோடு இணையும் கருவியும் பொருத்தப்பட்டிருக்கவில்லை. இதில் சந்தேகத்துக்கு இடமில்லை, அவர்களால் போயிருக்க முடியாது.

சந்தேகத்துக்கு இடமுள்ளது வேறொன்று. மார்ச் 1 அன்று ஏவுவதற்காக அட்லாண்டிஸ் ஷட்டில் தயாராகிக்கொண்டிருந்தது. சேதம் ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால், இரவுபகலாக வேலை செய்து அதைக் கொலம்பியாவின் பாதைக்கே ஏவி ஏழு பேரையும் மாற்றிக்கொண்டு வந்திருக்கலாமா? விசாரணைக் குழு கேட்டுக்கொண்டபடி நாசா போட்டுப் பார்த்த கணக்கு, மிகவும் கடினம், ஆனால் நடக்கக்கூடியது என்றது. எல்லாமே முதல் முயற்சியில் சரியாக நடந்திருக்க வேண்டும். அதே நுரை அட்லாண்டிஸிலும் அடிக்காமல் இருந்திருக்க வேண்டும். நடந்திருக்கும் என்றும் என்னால் சொல்ல முடியாது, நடந்திருக்காது என்றும் சொல்ல முடியாது.

இதன் தொடர்ச்சிதான் கிராவிட்டி படத்தை நேராகத் தொடுகிறது. கொலம்பியாவுக்குப் பிறகு, ஷட்டிலுக்கு ஏதாவது ஆனால் நிலையத்தில் தஞ்சம் புகுவது என்று நாசா ஏற்பாடு செய்தது. ஹப்பிளுக்குப் போகும் ஷட்டிலுக்கு மட்டும் அந்த வழி கிடையாது, மேலே சொன்ன அதே காரணத்தால். 2004 ஜனவரியில் அப்போதைய நாசா தலைவர் ஷான் ஓகீஃப் ஹப்பிள் பழுதுபார்ப்புப் பயணத்தையே ரத்து செய்தார். தொலைநோக்கியின் கதை முடிந்தது என்றே பலரும் நினைத்தோம். அடுத்து வந்த மைக்கேல் கிரிஃபின் 2006இல் மறுபடி அனுமதி கொடுத்தார். 2009 மே மாதம் அட்லாண்டிஸ் புறப்பட்டபோது, இன்னொரு ஏவுமேடையில் எண்டவர் மீட்புக்காகத் தயார்நிலையில் நின்றுகொண்டிருந்தது. ஹப்பிளிலிருந்து நிலையத்துக்குப் போக முடியாது என்பதற்காக ஒரு முழு ஷட்டிலை நிறுத்திவைத்திருந்தார்கள். படம் வந்தது நான்கு வருடம் கழித்து. கதைக்கு ஒரு வசதி தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டார்கள். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த வசதி இல்லாத உலகத்தில்தான் அந்த விண்வெளி வீரர்கள் போய்வந்தார்கள் என்பது தெரியாமல் போவது எனக்கு வருத்தம்.

ஒரே பாதையில் இருக்கும் இரண்டு கலங்கள் என்றால் எளிதா என்று அடுத்துக் கேட்பீர்கள். படத்தில் கடைசிப் பகுதியில் சீன நிலையத்தைக் குறிபார்த்து, அந்தத் திசையில் உந்துவிசை கொடுத்துப் போவார் கதாநாயகி. இதை 1965 ஜூனில் நிஜமாகவே முயன்று பார்த்தார்கள். நாசாவின் ஜெமினி 4 விண்கலத்தில் போன ஜிம் மெக்டிவிட், தங்களை ஏற்றிவந்த ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கு பக்கத்தில் மிதப்பதைப் பார்த்து, அதை நோக்கி மூக்கைத் திருப்பி உந்தினார். அது விலகிப்போனது. மறுபடி உந்தினார், இன்னும் விலகியது. எரிபொருள் கரைந்ததால் முயற்சியைக் கைவிட்டார்கள். நல்ல விமானி அவர், விமானத்தில் அதுதான் சரியான வழி. சுற்றுப்பாதையில் முன்னோக்கி உந்தினால் உங்கள் பாதை உயரும், உயர்ந்த பாதையில் ஒரு சுற்றுக்கு நேரம் கூடும், ஆகவே பின்தங்கிப் போவீர்கள். முன்னால் போகிறவரைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் வேகத்தைக் குறைத்துக் கீழே இறங்கவேண்டும். எனக்கே இது உடம்பில் ஊறச் சில வருடம் ஆயிற்று. அந்த வருடம் டிசம்பரில் ஜெமினி 6ஏ இந்த முறைப்படி போய் ஜெமினி 7ஐ அருகில் சந்தித்தது. சில நூறு மீட்டருக்குள் என்றால் மட்டும் நேராகக் குறிபார்த்துப் போகலாம், வித்தியாசம் தெரியாத அளவுக்குச் சிறியது.

படத்தில் ஷட்டிலை நொறுக்கிய சிதைவுக் குப்பை தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி வருவதைத் தவறு என்று நானே சில வருடம் சொல்லிவந்தேன். துண்டுகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் சுற்றும், எனவே கூட்டமாகத் திரும்பி வராமல் பரவிவிடும் என்பது என் வாதம். 2021 நவம்பர் 15 அன்று ரஷ்யா காஸ்மாஸ் 1408 என்ற தன் பழைய செயற்கைக்கோளை ஏவுகணையால் உடைத்தபோது, நிலையம் அந்தக் குப்பைக் கூட்டத்தை ஏறக்குறைய தொண்ணூறு நிமிடத்துக்கு ஒருமுறை கடந்தது. உள்ளே இருந்த ஏழு பேரும் தங்கள் மீட்சிக் கலங்களுக்குள் போய் உட்கார்ந்து காத்திருந்தார்கள். முதல் சில மணி நேரத்துக்குப் படம் சொன்னது சரிதான் என்று என் கருத்தைத் திருத்திக்கொண்டேன். ஆனால் பாதை மாறி நிலையத்துக்கும், அங்கிருந்து சீன நிலையத்துக்கும் போன பிறகும் அதே கூட்டம் அதே கணக்கில் துரத்துவது நடக்காது. அந்தக் குப்பையால் தகவல் தொடர்பு அறுந்துபோவதும் தவறு. ஷட்டில் பூமியோடு பேசப் பயன்படுத்திய டிடிஆர்எஸ் செயற்கைக்கோள்கள் இருப்பது 36,000 கிலோமீட்டர் உயரத்தில். கீழே உடைந்த துண்டுகள் அங்கே எட்டாது.

அதிகமாகச் சண்டை நடப்பது கயிற்றுக் காட்சியைப் பற்றி. கதாநாயகியின் கால் பாராசூட் கயிறுகளில் சிக்கியிருக்கிறது, நாயகன் அவர் பிடித்த கயிற்றின் முனையில். இருவரும் நின்றுவிட்ட பிறகும் ஏதோ ஒன்று நாயகனை வெளியே இழுப்பது போலக் காட்டுகிறார்கள், நாயகன் கயிற்றை விட்டுவிடுகிறார். உண்மையில் நின்றுவிட்டார்கள் என்றால் இழுப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. நிலையத்திலிருந்து இருபது மீட்டர் தள்ளியிருப்பதால் வரும் ஈர்ப்பு வித்தியாசத்தை உடையோடு சேர்த்து 200 கிலோ ஆளுக்குக் கணக்கிட்டுப் பார்த்தேன். ஒன்றரை கிராம் எடை இழுக்கும் அளவுதான் வருகிறது. இரண்டு விரலால் கயிற்றைச் சுண்டினால் அவர் மிதந்து திரும்பியிருப்பார். ஆனால் படத்துக்காக வாதாடுகிறவர்கள், நிலையமும் கயிறும் சேர்ந்து மெல்லச் சுழல்கின்றன, கயிறுகளும் இன்னும் வழுக்கிக்கொண்டிருக்கின்றன என்கிறார்கள். அப்படியானால் இழுவை இருக்கும். கேமராவும் கூடவே நகர்வதால் காட்சியை மட்டும் வைத்து இதைத் தீர்க்க வழியில்லை. இதை நிச்சயமான தவறுகளின் கணக்கில் நான் சேர்ப்பதில்லை.

கண்ணீர்த் துளி கன்னத்தைவிட்டுப் பிரிந்து மிதப்பது சிறிய தவறு. நிஜத்தில் அது கண்ணிலேயே உருண்டையாக ஒட்டிக்கொள்ளும். கனடாவின் விண்வெளி வீரர் கிறிஸ் ஹாட்ஃபீல்டுக்கு 2001இல் வெளியே வேலை செய்யும்போது ஒரு கண்ணில் எரிச்சல் வந்து, வடியாமல் சேர்ந்த கண்ணீர் மூக்கைத் தாண்டி மறு கண்ணுக்கும் போய் சிறிது நேரம் இரண்டுமே தெரியாமல் போயிற்று. மற்ற படங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'தி மார்ஷியன்' படத்தின் தொடக்கப் புயல் நடக்காது, செவ்வாயின் காற்று நம் காற்றில் அறுபதில் ஒரு பங்கு அடர்த்திதான், மணிக்கு 175 கிலோமீட்டர் வீசினாலும் இங்கே 22 கிலோமீட்டர் காற்று தள்ளுவதைப் போலத்தான் இருக்கும். நாவலை எழுதிய ஆண்டி வியர் தெரிந்தேதான் அதை வைத்தார். 'இன்டர்ஸ்டெல்லார்' படத்தின் கருந்துளை என் படிப்புக்கு அப்பாற்பட்டது, அதற்கு இயற்பியலாளர் கிப் தோர்ன் பொறுப்பேற்றார், அவர் சொன்னால் கேட்டுக்கொள்வேன். என் துறைக்குள் வரும் ஒன்றை மட்டும் சொல்கிறேன்: பூமியைவிட்டுக் கிளம்பப் பெரிய அடுக்கு ராக்கெட் தேவைப்பட்ட அதே சிறிய கலம், பூமியைவிட 30 சதவீதம் ஈர்ப்பு அதிகமான கோளிலிருந்து தானாகவே எழும்பிவிடுகிறது.

சாய்வு வித்தியாசத்தைக் கண்ணால் பார்க்க நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ஹப்பிள் 28.5 டிகிரிக்கு மேல் வடக்கே போகாது, அதனால் வட ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு அது தென்படவே தென்படாது. தமிழ்நாட்டில் தலைக்கு மேலேயே போகும். கடக்கும் நேரத்தைச் சொல்லும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. இருட்டிய பின் ஒரு மணி நேரத்துக்குள் வரும் நாளாகப் பார்த்து மொட்டைமாடிக்குப் போங்கள். நிலையம் நல்ல பிரகாசமாக, தென்மேற்கிலிருந்து வடகிழக்காகவோ வடமேற்கிலிருந்து தென்கிழக்காகவோ வானத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். இன்னொரு நாள் ஹப்பிள் வரும், மங்கலாக, மேற்கிலிருந்து கிழக்கே கிட்டத்தட்டப் படுத்தாற்போல. இரண்டு கோடுகளையும் ஒரு தாளில் வரைந்து, அவை வெட்டும் இடத்தில் உள்ள கோணத்தைப் பாருங்கள். நான் மேலே சொன்ன மூன்று கிலோமீட்டர் அந்தக் கோணத்தில்தான் இருக்கிறது.